கறிவேப்பிலைச் செடியில் ஒரு புழு

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கோயம்புத்தூரே பட்டாம்பூச்சி வேட்டைக்குக் கிளம்பிவிடும். கையில் கட்டிய இடங்காட்டியில் ஒரு விடுகதை வரும். அவிழ்த்தால் வழி தெரியும். போனால் ஒளித்துவைத்த டப்பாவும், அதற்குள் அடுத்த விடுகதையும். கடைசி இடத்தில் மட்டும் டப்பா கிடையாது. உயிருள்ள பட்டாம்பூச்சியோ அதன் புழுவோ இருக்கலாம் என்று வானில் பறந்து வேவு பார்க்கும் கருவிகள் சந்தேகப்பட்ட இடம் அது. முதலில் படமெடுத்துப் பதிகிறவருக்கு வெக்கை நுழையாத குளிர்மண்டலத்தில் வீடு பரிசு.

ரத்தினாவுக்கு அந்த வீடு வேண்டும். மகள் இழையினிக்கு இந்த வெக்கைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, ராத்திரியெல்லாம் இழுப்பு. இன்னொரு கோடையைத் தாங்கமாட்டாள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அன்றைய கடைசி விடுகதை: 'குழம்புக்கு வாசம் நான், சாப்பிடும்போது குப்பை நான்.' கறிவேப்பிலை! பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் ஊரில் அந்தச் செடி ஏது? அதில் பட்டாம்பூச்சி முட்டையிட்டுவிடும் என்று பயந்து வீட்டுக்கு வீடு பிடுங்கி எறிந்தாயிற்றே. பட்டாம்பூச்சி முட்டையிட்ட தெருவில் மனிதர் குடியிருக்கக் கூடாது என்பது சட்டம். பூச்சிகள் அழிந்து, காய்கனி காய்க்காமல் ஊரே பட்டினி கிடந்த பிறகு வந்த சட்டம். எதிர்த்துப் பேச யாருக்கும் வாயில்லை.

இடங்காட்டி காட்டிய வழி வடவள்ளியில் அவள் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றது. ரத்தினா கூடவே கூட்டிவந்த மகளைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். குளியலறைச் சந்தில், கிழிந்த சாக்குக்குப் பின்னால், தளதளவென்று ஒரு செடி. இலை மேல் பச்சைப் புழு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங் நங்கை, இதைப் புடுங்கலீங்களா?"

அண்ணன் மனைவி சரசாள் முகம் வெளுத்து நின்றாள். "அது இல்லாம ரசம் வெச்சா உங்கண்ணன் சோத்துல கையே வெக்கறதில்ல. நாலு இலைதானேன்னு உட்டுட்டேன் கண்ணு." குரல் தணிந்தது. "நசுக்கிப் போடட்டுமா? யாரு பாத்தா?"

வாசலில் இழையினி மூச்சுக்குத் திணறும் சத்தம் இங்கே வரை கேட்டது. புழுவை நோக்கி நீண்ட சரசாளின் கையை ரத்தினா எட்டிப் பிடித்தாள். மறு கையால் படமெடுத்துப் பதிந்தாள்.

இடங்காட்டி வாழ்த்துச் சொன்னது. மறுகணமே, தெருவைக் காலி செய்யச் சொல்லும் தெருமுனைச் சங்கு ஊத ஆரம்பித்தது. வீடு வீடாகக் கதவுகள் திறந்தன, 'யார் வீட்டுல? யார் வீட்டுல?' என்று ஒரே கூச்சல். ஐயோ, என்ன காரியம் செய்தோம் என்று ரத்தினா சரசாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நங்கை..."

சரசாள் அவள் பிடியிலிருந்து மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"புள்ள மூச்சு உடட்டும் போ. நாங்க எங்க போறதுன்னு மட்டும் அந்தக் கருவியக் கேட்டுச் சொல்லிட்டுப் போ."