பாட்டிலில் நான்கு கோடுகள்

அப்பா பஸ் ஓட்டுபவர். வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு போடுகிற மகளுக்கு அவர் வைத்த பெயர் ‘கண்டக்டர்’. பத்து வயது கண்டக்டர். அவள் “போலாம் ரைட்” என்று சொன்னால்தான் வீட்டில் காரியம் நடக்கும் என்று அம்மா கேலி செய்வாள்.

இந்த ஒரு மாதமாக அந்த வீட்டில் கேலி இல்லை. அப்பாவின் சிறுநீரகங்களில் கல். ஒரு சிறுநீரகத்தையே எடுத்துவிட வேண்டியதாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்து, இன்று விமானத்தில் வீடு திரும்புகிறார்கள்.

கல் எப்படி வந்தது? நடுவழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஒதுங்க முடியுமா? அதனால் காலையில் வண்டி எடுத்தால் மத்தியானம் வரை அப்பா தண்ணீரைத் தொடமாட்டார். குடித்தால்தானே வம்பு! இருபது வருடம் இப்படியே ஓட்டிவிட்டார்.

டாக்டர் கறாராகச் சொன்னார். “இருக்கறது ஒண்ணே ஒண்ணு. மணிக்கு ஒரு டம்ளர் தண்ணி உள்ள போகணும். வந்தா அடக்கக் கூடாது. இதுவும் போச்சுன்னா வேற வழி இல்ல.”

அம்மாவின் மடியில் தம்பிப் பாப்பா இருந்தான். விமானம் மேலே ஏறியதும் காது வலித்து வீரிட்டு அழுதான். அம்மா கண்டக்டரைப் பார்த்து, “அப்பாவோட தண்ணி உன் பொறுப்பு. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாரு” என்றாள்.

நான்கு மணி நேரப் பயணம். கண்டக்டர் தண்ணீர் பாட்டிலின் மேல் பேனாவால் நான்கு கோடுகள் போட்டுவைத்திருந்தாள். மணிக்கு ஒரு கோடு இறங்க வேண்டும்.

அவர்களுடைய இருக்கை ஒரு திரைச்சீலைக்கு அடுத்தது. திரைக்கு அந்தப் பக்கம் அகலமான இருக்கைகள். அங்கேயே ஒரு கழிப்பறை, ஐந்து அடி தூரத்தில். அரை மணி நேரம் கழித்து அப்பா மெல்ல எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரையை விலக்கினார்.

ஒரு பணிப்பெண் சிரித்த முகத்தோடு முன்னால் வந்து நின்றாள். “சார், இது முன்பக்கப் பயணிகளுக்கு மட்டும். உங்களுக்குப் பின்னாடி ரெண்டு இருக்கு.”

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். இருந்தாலும் பத்துப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பாவின் முகம் சுண்டிப்போனது.

“பரவாயில்லம்மா, ஒண்ணும் அவசரமில்ல” என்று உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் ஆனது. கண்டக்டர் பாட்டிலை நீட்டினாள். அப்பா வாயில் வைத்து அண்ணாந்தார். “ஆச்சு” என்று திருப்பிக் கொடுத்தார்.

தண்ணீர் அப்படியே இருந்தது. அவருடைய தொண்டை அசையவே இல்லை என்பதை அவள் பார்த்துவிட்டாள்.

“அப்பா, நீங்க குடிக்கல.”

“குடிச்சேனே.”

“பொய்.”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “இறங்கினதும் ரெண்டு பாட்டில் குடிக்கிறேன். இப்ப விடு, கண்டக்டர்.”

அவளுக்குத் திக்கென்றது. அதே பழைய கதை! பஸ்ஸில் செய்ததையே அப்பா இங்கேயும் செய்கிறார்.

அவள் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். இருபத்தெட்டு வரிசை தாண்ட வேண்டியிருந்தது. ஒரு கழிப்பறையின் கதவில் ‘பழுது’ என்று ஒட்டியிருந்தது. இன்னொன்றின் முன்னால் அனுமார் வால் மாதிரி வரிசை.

அப்பாவுக்குப் பதிலாகத் தானே வரிசையில் நின்றால் என்ன? இடம் வந்ததும் அவரைக் கூப்பிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் அதற்குள் சாப்பாட்டு வண்டி வந்து வழியை அடைத்துக்கொண்டது. அதைத் தாண்டி ஒரு பூனைகூட வர முடியாது. அவளே ஒருக்களித்து, வயிற்றை எக்கிக்கொண்டுதான் திரும்பி வந்தாள். தையல் போட்ட வயிறு எக்குமா?

அப்பா கண்ணை மூடியிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் அம்மாவின் பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு நேராகத் திரைக்குப் போனாள்.

“அக்கா, எங்கப்பாவுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு. பின்னாடி போக முடியல. இங்க போகலாமா?”

பணிப்பெண் தயங்கினாள். “பாவமாத்தான் இருக்கு பாப்பா. ஆனா விதி அப்படி. ஒருத்தரை விட்டா எல்லாரும் கேப்பாங்க.”

கண்டக்டர் அழவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை.

“ஸ்டாப் இல்லாத இடத்துல பஸ்ஸை நிறுத்தக் கூடாதுங்கறதும் விதிதான் அக்கா. எங்கப்பா நிறுத்தவே மாட்டாரு. ஒரே ஒரு தடவை நிறுத்தினாரு.”

“எதுக்கு?”

“ஒரு தாத்தா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாஞ்சுட்டாரு. அப்பா ஆஸ்பத்திரி வாசல்லயே கொண்டுபோய் நிறுத்திட்டாரு. டிப்போவுல ஏன்னு கேட்டாங்க. ‘நான்தான் நிறுத்தினேன்’னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு.” அவள் சீட்டை நீட்டினாள். “இங்க யாரு அக்கா கையெழுத்துப் போடறவங்க? நான் அவங்ககிட்ட கேக்கறேன்.”

பணிப்பெண் அவளைக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாவிடம் அழைத்துப் போனாள். அவர்தான் தலைமைப் பணிப்பெண். சீட்டை முழுவதும் படித்தார்.

“கையெழுத்துப் போடறது நான்தான். அப்பாவை வரச் சொல்லலாமா?”

“ஒரு நிமிஷம் ஆன்ட்டி.” கண்டக்டரின் குரல் இறங்கியது. “எல்லாருக்கும் கேக்கற மாதிரி கூப்பிடாதீங்க. அவருக்கு ரொம்பக் கூச்சம்.”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை துடைத்துக்கொண்டார். பிறகு, ஏதோ தலையணை கொடுக்க வந்தவர் போல அப்பாவிடம் குனிந்தார்.

“சார், எப்ப வேணும்னாலும் திரையை விலக்கிட்டு வாங்க. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

“இல்லம்மா, விதின்னு ஒண்ணு…”

“விதி எனக்கும் தெரியும் சார். நான்தான் சொல்றேன்.”

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். “உங்க வண்டி. நீங்க சொன்னா சரி” என்று எழுந்தார்.

ஐந்து அடி. போனார், வந்தார். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

உட்கார்ந்ததும் கேட்டார், “யாரு போய்ச் சொன்னது?”

“நான்தான்.” திட்டுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

“என்னன்னு சொன்ன?”

“நீங்க ஆஸ்பத்திரி வாசல்ல பஸ்ஸை நிறுத்தின கதையைச் சொன்னேன்.”

அப்பாவின் கண்கள் கலங்கின. பிறகு, அவரே பாட்டிலுக்குக் கை நீட்டினார்.

“எவ்வளவு பாக்கி, கண்டக்டர்?”

“ஏறி ரெண்டு மணி நேரம் ஆகப் போகுது. வண்டி ரெண்டு ஸ்டாப் லேட்டா ஓடுது.”

“அப்ப விசில் குடு.”

கண்டக்டர் அவருடைய தொண்டையை உற்றுப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“போலாம் ரைட்!”

தொண்டை ஏறி இறங்கியது. மறுபடியும் ஏறி இறங்கியது. தண்ணீர் முதல் கோட்டைத் தாண்டி, இரண்டாவது கோட்டில் வந்து நின்றது.