ஜில்லாக்ஸ் வழங்கும் கொலை

'ஒரு மடக்கு ஜில்லாக்ஸ்... உலகமே ரிலாக்ஸ்...'

கேரவனுக்குள் செல்போன் பாடிக்கொண்டிருந்தது.

செலின் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. பாட்டு நின்றது. மறுபடி ஆரம்பித்தது.

'ஒரு மடக்கு ஜில்லாக்ஸ்...'

"விஷ்ணு சார், உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும். கதவத் தெறங்க."

சண்டை போடத்தான் வந்திருந்தாள். திருமுல்லைவாயில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் இந்த மைதானத்தில் அவளும் அவள் சிநேகிதன் ஸ்ரீகாந்தும் ஏழு வருஷமாக 'வெட்டவெளி' இசை விழா நடத்துகிறார்கள். டிக்கெட் கிடையாது. பாட்டு முடிந்ததும் துண்டை விரித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போவார்கள். விழுந்தது விழுந்ததுதான்.

இந்த வருஷம்தான் ஸ்பான்சர் என்று ஜில்லாக்ஸ் கூல்டிரிங்ஸ் கம்பெனி உள்ளே வந்தது. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்களே, அதுதான் நடந்தது. வாசல் வளைவில் 'ஜில்லாக்ஸ்' ஆள் உயரத்துக்கு நின்றது. 'வெட்டவெளி' எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்த வளைவைப் பற்றிக் கேட்கத்தான் கம்பெனியின் மார்க்கெட்டிங் மேனேஜர் விஷ்ணுவிடம் வந்தாள்.

கைப்பிடியைத் திருகினாள். திறந்தது.

விஷ்ணு தரையில் குப்புறக் கிடந்தான்.

பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் மைக் ஸ்டாண்டின் வட்டமான இரும்பு அடித்தட்டு.

மைக் இல்லாமலே மைதானத்தின் கடைசி வரிசை வரைக்கும் பாடக்கூடியவள் செலின். கத்துவதற்கு வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

விஷ்ணுவின் கையருகே கிடந்த போன் மூன்றாவது தடவையாகப் பாடியது.

'...உலகமே ரிலாக்ஸ்...'

பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் சுசீலா கேரவனைச் சுற்றிக் கயிறு கட்ட வைத்தார். ஒல்லியான உடம்பு. குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே ஸ்டேஷனில் எல்லோருக்கும் அவரிடம் பயம்.

"கடைசியா இவர உயிரோட பார்த்தது யாரு?"

கேரவன் டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு முன்னே வந்தான்.

"நான்தான் மேடம். அஞ்சு மணிக்கு டீ குடுத்துட்டு நானும் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தா... இந்தம்மா வாசல்ல நடுங்கிட்டு நிக்கறாங்க. ஒரு அரை மணி நேரம்தான் இருக்கும்."

"இவருக்கு யாரோடயாவது தகராறு?"

எல்லோருடைய கண்ணும் செலின் பக்கம் திரும்பியது.

"உனக்காம்மா?"

"எனக்கில்ல மேடம்." என்றாள் செலின். "என் தம்பி ஜாபஸ்."

சொல்லாமல் இருக்க முடியாது. மைதானமே கேட்ட சண்டை அது. ஜாபஸ் பறை வாசிக்கிறவன். கை வேகம், வாய் அதைவிட வேகம். கம்பெனி கொடுக்கும் புதுப் பறையைத்தான் மேடையில் வாசிக்க வேண்டும் என்று விஷ்ணு மதியம் சொல்லியிருந்தான். 'உன் மண்டையப் பொளந்துருவேன்' என்று ஜாபஸ் பதில் சொல்லியிருந்தான். ஒலிபெருக்கி அனுமதி வாங்க ஆவடிக்குப் போயிருந்த ஸ்ரீகாந்த் ஒருத்தன்தான் அந்தச் சண்டையைப் பார்க்காதவன். ஸ்ரீகாந்த் இருந்திருந்தால் சமாதானப்படுத்தியிருப்பான் என்று செலின் அப்போது நினைத்துக்கொண்டாள்.

ஏட்டு கன்னியப்பன் ஜாபஸைத் தள்ளிக்கொண்டு வந்தார். பையனுக்கு முகமெல்லாம் வேர்வை.

"அஞ்சுலேர்ந்து அஞ்சரை வரைக்கும் எங்க இருந்தே?" சுசீலா கேட்டார்.

"இங்கதான் மேடம்... கிரவுண்ட்லதான்."

"கிரவுண்ட்ல எங்க?"

ஜாபஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கூட யாரு?"

"அத்த சொல்ல முடியாது மேடம்."

"முடியாதா, தெரியாதா?"

"முடியாது. ஆனா நான் கொல்லல. அத்தத்தான் அப்பத்லேர்ந்து சொல்லிக்கினு கீறேன்."

சுசீலா அவனையே பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். திருட்டு முழி என்று ஒன்று உண்டு. அதை அவன் அப்போது முழித்துக்கொண்டிருந்தான்.

"கன்னியப்பன், ஜீப்ல ஏத்துங்க."

அம்மா கண்ணை மூடும்போது இவன் கையைத்தான் செலினின் கையில் வைத்துவிட்டுப் போனாள். ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டில் அப்பா ஜெயபால் காத்துக்கொண்டிருப்பார். டாங்கி தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஒரு கெட்ட பேர் வாங்காமல் வேலை பார்த்த மனிதர். மகன் ஜீப்பில் போனான் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது?

"மேடம், இருங்க..."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸ்ரீகாந்த் வந்தான்.

"அவன் என்கூடத்தான் இருந்தான்."

"நீங்க?"

"ஸ்ரீகாந்த். நானும் செலினும் சேர்ந்துதான் இந்த விழாவ நடத்தறோம்." மூச்சு வாங்கினான். "ஸ்டேஜுக்குப் பின்னாடி பறை காய்ச்சிட்டிருந்தோம் மேடம்."

"பறையக் காய்ச்சறதுன்னா?"

"வைக்கோலப் போட்டு தீ மூட்டி அதுல காட்டணும். அப்பதான் தோல் இறுகி சத்தம் கணீர்னு வரும். வாசிக்கறதுக்கு முன்னாடி எப்பவும் செய்யறதுதான். நான் வைக்கோல் போட்டேன், அவன் காட்டினான். அஞ்சுலேர்ந்து அஞ்சரை வரைக்கும் ரெண்டு பேரும் அந்த இடத்த விட்டு நகரல."

ஜாபஸ் சட்டென்று நிமிர்ந்து ஸ்ரீகாந்தைப் பார்த்தான். பிறகு மறுபடி தலையைக் குனிந்துகொண்டான்.

"இத நீயே சொல்றதுக்கு என்னடா?"

"கிரவுண்ட்ல நெருப்பு பத்த வைக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க மேடம்... அதான்."

சுசீலா உதட்டைப் பிதுக்கினார்.

"சரி. வெளிய அத்தனை ஜனம் உக்காந்திருக்கு. கொலைன்னு தெரிஞ்சா மிதிபட்டே பத்து பேர் சாவாங்க. பாட்டு நடக்கட்டும். ஆனா நீங்க மூணு பேரும் என் கண்ணு முன்னாடியே இருக்கணும்."

அவர் நகர்ந்ததும் செலின் ஸ்ரீகாந்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வந்துவிட்டது.

"உன்ன கோயில் கட்டிக் கும்பிடணும் ஸ்ரீ."

"விடு செலின். அவன் எனக்கும் தம்பிதானே."

அப்போதுதான் கவனித்தாள். ஸ்ரீகாந்த் ஆரஞ்சு நிற ஜில்லாக்ஸ் பனியன் போட்டிருந்தான். 'செத்தாலும் அந்தப் பனியனப் போட மாட்டேன்' என்று காலையில் அத்தனை பேர் முன்னால் சொன்னவன்.

"என்ன, நீயும் இதப் போட்டுக்கிட்ட?"

"சட்டையில டீ கொட்டிருச்சு" என்றான், நெஞ்சில் இருந்த எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு.

மேடைக்குப் பின்னால் புதுப் பறைகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

ஜாபஸிடம் கொடுப்பதற்காக செலின் ஒன்றை எடுத்தாள். பழக்கதோஷத்தில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினாள்.

'டக்.'

கை அப்படியே நின்றது.

பறை முழுக்க ஃபைபர். தோல் என்ற பேச்சே இல்லை. நடுவில் ஆரஞ்சு எழுத்தில் ஜில்லாக்ஸ். தோலும் புகையும் எங்கள் பிராண்டுக்கு ஒத்து வராது என்று சொல்லி, பழைய தோல் பறைகளை எல்லாம் மதியமே கம்பெனி வேனில் ஏற்றிப் பூட்டிவிட்டான் விஷ்ணு. சண்டையே அதற்காகத்தான்.

ஃபைபர் பறைக்கு எதற்குத் தீ? காட்டினால் உருகிப்போகும்.

அப்படியென்றால்... ஸ்ரீகாந்த் சொன்னது பொய்.

ஜாபஸுக்காகச் சொன்ன பொய்தானே, நல்ல மனசு, என்று ஒரு நொடி மனம் சமாதானம் சொன்னது. அடுத்த நொடி இன்னொன்று உறைத்தது.

ரெண்டு பேரும் நகரவில்லை என்றான். ரெண்டு பேரும்.

அந்த அரை மணி நேரம் ஸ்ரீகாந்த் எங்கே இருந்தான் என்று யாருமே கேட்கவில்லையே!

இதை இன்ஸ்பெக்டரிடம் சொல்லலாம். சொன்னால் ஸ்ரீகாந்தின் பொய் உடையும். கூடவே தம்பியைக் காப்பாற்றி நிற்கும் ஒரே சுவரும் இடிந்து விழும். சொல்லாமல் விட்டால்? ஒரு பொய்யை நம்பி எத்தனை நாள் அவனை வீட்டில் வைத்திருக்க முடியும்?

ஜாபஸை மூலைக்கு இழுத்தாள்.

"உண்மையச் சொல்லு. ஸ்ரீகூட இருந்தியா?"

"இல்லக்கா. என்னக் காப்பாத்தத்தான் அண்ணாத்தே பொய் சொல்லுதுன்னு கம்முனு இருந்துட்டேன்."

"அப்ப எங்கடா இருந்த?"

"அத்த மட்டும் கேக்காத. உன் மூஞ்சில முழிக்க முடியாது."

"ஜாபஸ்... நீ அவனைத் தொட்டியா?"

"மாதா சத்தியமா இல்லக்கா."

ஜாபஸ் சின்ன வயதிலிருந்து ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறான். மாதா பேரைச் சொல்லி ஒன்றுகூடச் சொன்னதில்லை. செலின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். நேராக இன்ஸ்பெக்டரிடம் நடந்தாள்.

கேரவன் பக்கத்தில் ஸ்ரீகாந்தும் கன்னியப்பனும் சுசீலாவும் நின்றிருந்தார்கள்.

"ஸ்ரீ, ஒரு சந்தேகம்." பறையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "ஜாபஸ் எந்தப் பறையக் காய்ச்சினான்?"

"இதென்ன கேள்வி? அவன் பறையத்தான்."

"தோல் நல்லா இறுகிச்சா?"

"இறுகாம? எப்பவும்போல கணீர்னு இருந்துச்சு."

"இதையா?"

பறையை அவன் கையில் கொடுத்தாள். தட்டிப் பார்க்கச் சொன்னாள்.

'டக்.'

ஸ்ரீகாந்தின் முகம் வெளுத்துப்போனது.

"நீ ஆவடிக்குப் போயிருந்தப்ப மாத்திட்டாங்க ஸ்ரீ. எல்லாம் ஃபைபர். தோல் பறை ஒண்ணு விடாம வேன்ல பூட்டி இருக்கு. சாவி விஷ்ணு பாக்கெட்ல. இன்னிக்கி இந்த கிரவுண்ட்ல யாரும் எதையும் காய்ச்சல. சட்டையில டீ கொட்டிருச்சுன்னு சொன்னியே, அதாவது உண்மையா?"

சுசீலா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"டீ கொட்டின சட்டை எங்க சார்?"

"அது... எங்கயோ போட்டேன்..."

"கன்னியப்பன், கேரவனச் சுத்தித் தேடுங்க. ஒண்ணையும் விடாதீங்க."

வெகுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை. கேரவனுக்குப் பின்னால் இருந்த ஜில்லாக்ஸ் ஐஸ் பெட்டி. மேலே பாட்டில்கள். நடுவில் ஐஸ். அடியில் சுருட்டித் திணித்த நீலச் சட்டை. அதில் இருந்தது டீக்கறை இல்லை.

ஸ்ரீகாந்த் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பேர வித்துட்டேன் செலின்."

"எந்தப் பேர?"

"வெட்டவெளி. அந்தப் பேரே இனி கம்பெனிக்குத்தான் சொந்தம். ஏழு வருஷம் துண்டு ஏந்தினது போதும்னு தோணிச்சு. விழா முடிஞ்சதும் உன்கிட்ட மெதுவா சொல்லலாம்னு இருந்தேன். அவன் இன்னிக்கே மேடையில அறிவிக்கறேன்னான். கால்ல விழாத குறையா கெஞ்சினேன். 'இனிமே உங்க செலினே எங்கள கேட்டுட்டுத்தான் அந்தப் பேரச் சொல்லணும்'னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு... கையில கிடைச்சத எடுத்து..."

செலினுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"கொன்னுட்டு, என் தம்பி முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிட்டியா?"

"அவனக் காப்பாத்தத்தான செஞ்சேன்?"

"யார?"

கன்னியப்பன் அவனை எழுப்பி நடத்திக்கொண்டு போனார். பேரை விற்றவன் போகிற போக்கில் வாசல் வளைவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சுசீலா திரும்பினார். "தம்பி, உன் கணக்கு இன்னும் முடியல. நீ எங்க இருந்தே?"

ஜாபஸ் மறுபடி தரையைப் பார்த்தான்.

"இப்பவும் சொல்ல மாட்டியா? ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுன்னு எழுதிட்டுப் போயிருவேன்."

"எழுதிக்கங்க மேடம்."

"ஜாபஸ்..." செலின் கெஞ்சினாள்.

அந்த நேரத்தில் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் லேப்டாப்போடு எட்டிப் பார்த்தாள். கம்பெனிக்கு விளம்பரப் படம் எடுக்கும் விஜி.

"எக்ஸ்கியூஸ் மீ... விஷ்ணு சார் எங்க? போன் போட்டுட்டே இருக்கேன், எடுக்க மாட்டேங்கறாரு. அஞ்சு மணி ஷூட்ட அவர் ஓகே பண்ணணும்." அவள் பார்வை ஜாபஸ் மேல் விழுந்தது. முகம் மலர்ந்தது. "ஓ, ஹீரோ இங்கதான் இருக்காரா!"

ஜாபஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"எந்த ஷூட்?" என்றார் சுசீலா.

விஜி லேப்டாப்பைத் திருப்பினாள். திரையில் ஆரஞ்சுப் பனியன், ஆரஞ்சுத் தொப்பி. ஒரு கையில் ஃபைபர் பறை, மறு கையில் பாட்டில். ஜாபஸ் இடுப்பை ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தான்.

'ஒரு மடக்கு ஜில்லாக்ஸ்...'

"அஞ்சுலேர்ந்து அஞ்சே முக்கால் வரைக்கும் எங்க டென்ட்லதான் இருந்தார் மேடம். நாங்க எட்டு பேர் கூட இருந்தோம். டேக் மேல டேக். பாட்டில் மூடியத் திறக்கறதுக்கே ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டார்."

செலின் தம்பியைப் பார்த்தாள். அவன் விரலிடுக்கு வழியாகப் பேசினான்.

"இதுல நடிச்சா மேடையில என் தோல் பறையவே குடுக்கறேன்னு சொன்னான்க்கா. வேறன்னா செய்றது... மதியம் அத்தினி பேர் முன்னாடி அவன அப்டி திட்டிட்டு, இத்த எப்டிக்கா வெளிய சொல்லுவேன்?"

செலின் அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

சுசீலா வீடியோவை முழுதாகப் பார்த்தார். ஒரு தடவை போதாமல் இன்னொரு தடவை ஓட விட்டார். லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"ஏம்ப்பா, இது வெளிய வரக் கூடாதுன்னு ஜெயிலுக்கே போகத் துணிஞ்சியே..."

"ஆமா மேடம்."

"பார்த்தப்பறம்தான் தெரியுது. உன் முடிவு சரியான முடிவுதான்."