மூன்றாவது தையல்

“டீச்சரோட பாய்க்கு மூணாவது தையல் போடலைன்னு ரேஸ் ஆபீசுக்குச் சொல்லுங்க சார்.”

சொல்லிவிட்டேன். முதலாளி முன்னால் இதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று அம்மா காலையில்கூட என்னை எச்சரித்திருந்தாள்.

முதலாளி கணினியிலிருந்து தலையைத் தூக்கினார்.

“என்ன சொன்னே?”

இன்னும் சத்தமாகச் சொன்னேன். பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அது படகுப் பாய் தைக்கும் பட்டறை. காற்றைப் பிடித்துப் படகை இழுக்குமே, அந்தப் பாய். ஒரு பாயை விரித்தால் எங்கள் வகுப்பறை முழுவதையும் மூடிவிடும். அவ்வளவு பெரிய துணியை மேசையில் வைத்துத் தைக்க முடியாது. அதனால் தரையில் பள்ளம் வெட்டி, இயந்திரத்தை அதற்குள் இறக்கியிருப்பார்கள். அம்மா பள்ளத்துக்குள் உட்கார்ந்துதான் தைப்பாள். வாசலிலிருந்து பார்த்தால் தரையில் ஒரு தலை முளைத்திருப்பது போலத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அந்தத் தலையிடம்தான் வருவேன்.

வந்ததும் முதல் வேலை, கணினியில் புள்ளிகளைப் பார்ப்பது.

தனி ஆளாக உலகத்தைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஒரு படகில் ஒரே ஆள். வழியில் எந்தக் கரையிலும் ஒதுங்கக் கூடாது. பதினாறு படகுகள் கிளம்பின. ஒன்பதுதான் மிச்சம். ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு புள்ளி. துணி வெட்டுகிற கத்திரி மாமா எல்லாப் புள்ளிகளுக்கும் பெயர் வைத்திருந்தார். முன்னால் ஓடுவது ‘அவசரக்குடுக்கை’. வளைந்து வளைந்து போவது ‘எங்க மச்சான்’.

பச்சைப் புள்ளிக்கு மட்டும் அவர் பெயர் வைக்கவில்லை. அது டீச்சர். நிஜமாகவே கணக்கு டீச்சராக இருந்தவர். அவருடைய பாயை அம்மாதான் தைத்தாள்.

பாயில் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தை ஜாயிண்ட் என்பார்கள். ஒவ்வொரு ஜாயிண்டிலும் மூன்று வரிசை தையல் ஓட வேண்டும். டீச்சரின் பாயில் மேல்பகுதி மட்டும் பாக்கி இருந்தபோது முதலாளி வந்தார்.

“ரெண்டு வரிசை போதும். அடுத்த பாய் காத்துக்கிட்டிருக்கு.”

“சார், மேலேதான் காத்து ஜாஸ்தி…”

“தையல் மேல நாடா ஒட்டி மறைச்சிடு. யாரு பிரிச்சுப் பார்க்கப் போறா?”

துணிக் குவியலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, இரண்டு வரிசையோடு நின்ற ஜாயிண்டுகளை நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அதற்குள் இருட்டிவிட்டது. அம்மா என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் டீச்சர் வந்தார். முதலாளி போட்ட நாற்காலியை விட்டுவிட்டு, அம்மாவின் பள்ளத்தோரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்.

“எல்லா ஜாயிண்டும் மூணு வரிசைதானேம்மா?”

அம்மா வாயைத் திறப்பதற்குள் முதலாளி சிரித்தார். “பின்னே! நம்ம பட்டறையில மூணுக்குக் குறைஞ்சு கிடையாது.”

அம்மா குனிந்து ஊசியில் நூல் கோத்தாள். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

முந்தாநாள், போட்டியின் நடுவே, அந்தப் பாய் பிரிந்துவிட்டது. டீச்சர் நடுக்கடலிலிருந்து அனுப்பிய செய்தியைப் போட்டிப் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

‘ஒரு ஜாயிண்ட் பிரிந்துவிட்டது. எங்கேயோ உரச விட்டிருக்கிறேன், என் கவனக்குறைவு. நானே தைத்துவிட்டேன். இது நல்ல பாய். தைத்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.’

இதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தப்பு செய்தவர்கள் இங்கே சாப்பிட்டுத் தூங்குகிறோம். அவர் அங்கே மன்னிப்புக் கேட்கிறார்.

இன்று அவர் இருக்கும் இடத்தில் காற்றே இல்லை. பச்சைப் புள்ளி மதியத்திலிருந்து அசையவில்லை. நாளை அங்கே புயல். காற்று பலமாக அடித்தால் பாயைச் சுருக்கிக் கட்டுவார்கள். ஆனால் சுருக்குவது கீழ்ப்பகுதியைத்தான். மேல்பகுதி விரிந்தேதான் இருக்கும். இப்போதே சொன்னால் இன்றைக்கே இறக்கித் தைத்துவிடலாம். போட்டியை நடத்தும் ரேஸ் ஆபீஸ் தினமும் மாலை ஐந்தரைக்கு அவரோடு பேசும். இன்றைக்கு விட்டால், அடுத்த முறை பேசும்போது புயல் வந்திருக்கும்.

அதனால்தான் முதலாளியிடம் போனேன். அவர் சொன்னால் நம்புவார்கள்.

“இங்க பாரு குட்டி,” என்றார் முதலாளி. “வெளியிலேர்ந்து யாரும் உதவக் கூடாதுங்கறது விதி. நாம சொன்னா அவங்களைப் போட்டியிலேர்ந்தே தூக்கிடுவாங்க.”

“கடல் தூக்கிட்டுப் போறதுக்கு அது மேல் சார்.”

கத்திரி மாமா இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அவர் கெட்டிக்காரர்.

“சொல்லலாமா கூடாதான்னு ரேஸ் ஆபீஸ் முடிவு பண்ணட்டும்,” என்றேன்.

“உனக்கு என்ன வயசு?”

“பதினொண்ணு.”

“நான் இருபத்தஞ்சு வருஷமா பாய் தைக்கிறவன்.”

“அப்போ அது பிரியும்னு என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியுமே சார்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. மெதுவாக எழுந்து வந்தார்.

“அந்தப் பாய்ல எல்லாம் சரியா இருக்கு. ஒருவேளை இல்லைன்னா அது யாரு தப்பு? நானா தைச்சேன்? உங்கம்மாதான் தைச்சா. போய்ச் சொல்லு. எங்கம்மா ஏமாத்திட்டான்னு சொல்லு.”

இப்படித் திருப்புவார் என்று நான் நினைக்கவே இல்லை.

“மாமா,” என்று கத்திரி மாமாவைப் பார்த்தேன். “நீங்களும் அன்னைக்கு இங்கதானே இருந்தீங்க? சொல்லுங்க மாமா.”

ஒன்பது புள்ளிகளுக்கும் வாய் ஓயாமல் கதை சொல்லும் மாமா, கத்திரியைத் திறந்தார், மூடினார்.

“எனக்கு வெட்ட மட்டும்தான் தெரியும் கண்ணு.”

மற்றவர்கள் அவரவர் துணியைப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய பட்டறையில் என் பக்கம் ஒருவரும் இல்லை. அம்மாவின் தலைகூடக் குனிந்தே இருந்தது. அழுகை தொண்டைவரை வந்தது. வந்த வழியே அனுப்பிவிட்டேன்.

“மேலேயிருந்து நாலு ஜாயிண்ட் சார்,” என்றேன். “ஒண்ணு பிரிஞ்சாச்சு. மிச்சம் மூணு.”

“நாலு இல்லை.”

தரையிலிருந்து வந்தது அந்தக் குரல். அம்மா நிமிர்ந்திருந்தாள்.

“அஞ்சு. நீ வீட்டுக்குப் போனப்புறம் இன்னொண்ணு தைச்சேன். அஞ்சுலயும் ரெண்டு வரிசைதான். பிரிஞ்சது மூணாவது. மிச்சம் ஒண்ணு, ரெண்டு, நாலு, அஞ்சு.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “நாலாவதைத் தைக்கிறப்போ நூலும் தீர்ற நேரம், தையல் விட்டு விட்டு விழுந்துச்சு. அதுதான் ரொம்ப மோசம். அதை முதல்ல தைக்கச் சொல்லு. தைச்சது நான்தான்னும் சொல்லு.”

“என்னம்மா பேசறே?” முதலாளி பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றார். “நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்.”

“சரி சார். கையில இருக்கிறதை முடிச்சுட்டுப் போறேன். பாதியில விட்டா இதுவும் எங்கேயாவது போய்ப் பிரியும்.”

இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. அது ஒன்று மட்டும்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. நாளைக்கு நாங்கள் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது என்பது அவள் தோளைப் பார்த்தாலே புரிந்தது. கடிகாரம் நாலே முக்கால் காட்டியது. ரேஸ் ஆபீஸ் துறைமுகத்தின் அந்தக் கடைசியில் இருக்கிறது. ஓடினாலும் அரை மணி நேரம் ஆகும். வாசலில் காவல்காரர் வேறு இருப்பார்.

“போ, போ,” என்றார் முதலாளி. “இந்தப் பள்ளிக்கூடப் பையோட போய் நின்னா உன்னை எவன் நம்புவான்?”

“நம்புற வரைக்கும் நிப்பேன் சார்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். விரித்திருந்த பாயை மிதிக்காமல் ஓரமாகவே போனேன். அதுவும் யாரோ ஒருவரைக் கடலுக்குள் கூட்டிப்போகப் போகிற பாய்தானே. கதவைத் தள்ளித் தெருவில் கால் வைத்ததும் ஓட ஆரம்பித்தேன்.

ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து. நாலாவது முதலில்.