யானைக் காதில் ஓட்டை

“யார் ஜெயிச்சாங்கன்னு சொல்லுங்க சார். தெரியாம நாங்க போகமாட்டோம்.”

இதைக் கேட்கவே கூடாது என்று காலையில்தான் சொர்ணலதாவிடம் அப்பா சொல்லியிருந்தார். அவர் கொத்தனார். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர்.

“பரிசு கொடுத்தா வாங்கிக்கோ. கொடுக்கலையா, பேசாம வந்துடு. நாம பிழைக்க வந்தவங்கம்மா.”

“நான் எங்கேப்பா பிழைக்க வந்தேன்? இதே மைசூர்ல, செலுவாம்பா ஆஸ்பத்திரியிலதானே பிறந்தேன்!”

அப்பா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது சொர்ணலதா அக்ரஹாரத்து இன்டர்நெட் கடையில் நின்றிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் பாதி ஒளிந்தபடி அவளுடைய தோழி மனிஷா. இருவரும் ஆறாம் வகுப்பு.

கடைக்காரர் பசவராஜ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாரும் ஜெயிக்கலம்மா. ஒரு படமும் சரியில்ல. அதனால பரிசும் இல்ல. ஹோகம்மா, ஹோகு.” கை மட்டும் வாசலைக் காட்டியது.

சொர்ணலதா நகரவில்லை.

போன மாதம் பள்ளிக்கூட வாசலில் நோட்டீஸ் ஒட்டியவர் இதே பசவராஜ்தான். பக்கத்துத் தெரு ஊதுபத்தி கம்பெனியின் புதுப் பாக்கெட்டுக்குப் படம் வேண்டும். அதைக் கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். எல்லாருடைய படமும் பெயரோடு இன்டர்நெட்டில் வரும். சிறந்த படத்துக்கு ஆறு மாதம் இலவசக் கம்ப்யூட்டர் வகுப்பு. கடைசியில் கொட்டை எழுத்தில், ‘பரிசு கட்டாயம் உண்டு’ என்று வேறு போட்டிருந்தார்.

அவர்கள் பள்ளியிலும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. எப்போதும் உறை போட்டே இருக்கும். ஆயுத பூஜையன்று மட்டும் உறையைக் கழற்றிச் சந்தனம் குங்குமம் வைத்து, சுண்டல் கொடுப்பார்கள். பிறகு மறுபடி உறை. தொட விடமாட்டார்கள். அதனால்தான் இந்தக் கடைக்குப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். வரிசையில் நின்று, ஆளுக்கு அரை மணி நேரம் வரைந்தார்கள்.

சொர்ணலதா வரைந்தது அரண்மனை. அது பார்க்க ரேஷன் கடை மாதிரி வந்துவிட்டது. அவளுக்கே தெரியும்.

மனிஷா வரைந்தது தசரா யானை. அற்புதமான யானை! கடைசியில் காதுக்கு ரோஜா நிறம் பூசலாம் என்று, வாளி மாதிரி இருக்கும் பட்டனை அழுத்தினாள். காதின் கோட்டில் ஓரிடத்தில் சின்ன ஓட்டை விட்டிருந்தாள். அவ்வளவுதான்! அந்த ஓட்டை வழியாக நிறம் வெளியே கொட்டி, வானம் முழுக்க ரோஜா நிறமாகிவிட்டது. திரும்ப வெள்ளையாக்க இருவருக்கும் தெரியவில்லை.

மனிஷா அழப் பார்த்தாள். “இருக்கட்டும்டி, சாயங்கால வானம்னு சொல்லிக்கலாம்,” என்று சொர்ணலதாதான் சமாதானம் செய்தாள்.

“இன்னும் நிக்கிறீங்களா?” என்றார் பசவராஜ்.

சொர்ணலதா அவருடைய மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பளபளவென்று புது ஊதுபத்தி அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. பெட்டியின் மேல் ரோஜா நிற வானம். அதன் கீழே ஒரு யானை.

“என் யானை,” என்று மனிஷா முணுமுணுத்தாள்.

பசவராஜ் பெட்டியைச் சட்டென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “என்னது உன் யானை? இது நானே போட்டது. கம்பெனி முதலாளி கனகலக்ஷ்மி மேடமும் பார்த்து ஓகே சொல்லியாச்சு.”

“நீங்க போட்டதா சார்?”

“ஹௌது, நானேதான்! ஊர்ல யார் வேணும்னாலும் யானை போடலாம்.”

“போடலாம் சார். ஆனா காதுல அதே இடத்துல ஓட்டையும் விடுவாங்களா? பெட்டியைக் காட்டுங்க, பார்ப்போம்.”

பசவராஜ் பெட்டியைக் காட்டவில்லை. நாற்காலியில் நெளிந்தார்.

சொர்ணலதாவுக்குக் காது வரை சூடேறியது. “படம் பிடிக்கலைன்னா எடுக்காதீங்க. எடுத்துட்டீங்கன்னா பரிசைக் கொடுங்க. பிடிக்கலைன்னு சொல்லிட்டு எடுத்துக்கிறது என்ன சார் நியாயம்? அதுக்குப் பேரு போட்டியா?”

உள்ளே இருந்த இரண்டு கல்லூரி அண்ணன்கள் திரும்பிப் பார்த்தார்கள். பசவராஜ் குரலைத் தாழ்த்தினார். முகத்தில் திடீரென்று ஒரு சிரிப்பு வந்தது.

“கத்தாதேம்மா. நீ ரொம்பக் கெட்டிக்காரப் பொண்ணு. சரி, நீதான் ஜெயிச்சேன்னு வெச்சுக்கோ. ஆறு மாசம் வகுப்பு. நாளையில இருந்தே வா. அந்த ஜன்னல் பக்கத்துக் கம்ப்யூட்டர் உனக்கு. யானை பேச்சை மட்டும் விட்டுடு.”

சொர்ணலதா அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். உறை இல்லை. திரையில் நட்சத்திரங்கள் பறந்துகொண்டிருந்தன. நாளையிலிருந்து தினமும் அதன் முன் உட்காரலாம். யாரும் எழுந்திரு என்று சொல்லமாட்டார்கள். அவள் விரல்கள் பாவாடையின் மேலேயே எதையோ தட்டிப் பார்த்தன.

“நீயாவது வாங்கிக்கோ லதா,” என்றாள் மனிஷா. அவள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். அதுதான் சொர்ணலதாவுக்குத் தாங்கவில்லை.

“என் அரண்மனையைப் பார்த்தீங்களா சார்?”

“பார்த்தேனே. சூப்பரா இருந்தது!”

“பொய். அது ரேஷன் கடை மாதிரி இருக்கு. அதுக்கு எந்தப் பைத்தியமும் பரிசு கொடுக்காது. எனக்கு வேண்டாம்.”

கல்லூரி அண்ணன்களில் ஒருவர் ‘களுக்’கென்று சிரித்தார். பசவராஜின் சிரிப்பு போய்விட்டது.

“ஏன் இவ்வளவு ஜம்பம்? போய் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு. சின்னப் பசங்க பேச்சை யார் நம்புவாங்க?”

“யாரும் நம்ப வேண்டாம் சார், பார்த்தா போதும். எல்லாப் படத்தையும் பேரோட இன்டர்நெட்ல போட்டுட்டேன், அமெரிக்காவே பார்க்கும்னு நீங்கதானே சொன்னீங்க? மனிஷா பேரும் யானையும் இன்னும் அங்கேதானே இருக்கு? கனகலக்ஷ்மி மேடம் ஆபீஸ்லயும் இன்டர்நெட் இருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. திறந்து பார்க்கச் சொல்றேன்.”

பசவராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டி மடியிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட நேரமில்லாமல், இன்டர்நெட்டிலிருந்து யானையை அழிக்க கம்ப்யூட்டர் எலியைப் பிடித்து ‘டிக் டிக்’ என்று தட்டினார். டெலிபோன் பக்கத்திலிருந்த மோடம் பெட்டி, ‘கீ… கொர்ர்ர்… கீ…’ என்று கத்திவிட்டு நின்றது. லைன் கிடைக்கவில்லை. மறுபடி தட்டினார். மறுபடி கத்தியது.

“இரும்மா! ஒரே நிமிஷம்! உட்காருங்க, பேசலாம்!”

“நீங்க லைன் போடுங்க சார், அவசரமில்ல,” என்றாள் சொர்ணலதா. “கம்பெனிக்கு நாங்க நடந்தே போயிடுவோம்.”

“எனக்குப் பேச வராது லதா,” என்றாள் மனிஷா.

“நான் பேசறேன். யார் வரைஞ்சதுன்னு கேட்டா, நான்தான்னு மட்டும் சொல்லு. வருமா?”

மனிஷா அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். “வரும்,” என்றாள்.

இருவரும் படியிறங்கினார்கள். வலப்பக்கம் போனால் வீடு, இடப்பக்கம் போனால் கம்பெனி. கடைக்குள்ளே மோடம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அவர்கள் இடப்பக்கம் திரும்பி நடந்தார்கள்.