எரிகிற மருந்து

“ஐயோ, எரியுதே...!”

விடிந்தும் விடியாததுமாக அவள் விட்ட மருந்து கண்ணில் பட்டதும் கணவன் கூச்சல் போட்டான். லேத் பட்டறையில் தெறித்த இரும்புத் தூள் அவன் கருவிழியைக் கீறி, கிருமி புகுந்து, புண்ணாகிவிட்டது. மணிக்கு ஒருமுறை இரண்டு சீசா சொட்டு மருந்து; முதலாவது எரியும், அடுத்தது குளிரும். இரவிலும் விடக்கூடாது. அலாரம் வைத்து வைத்து எழுந்ததில் அவளுக்குத் தூக்கம் என்பதே மறந்துபோயிருந்தது.

“தள்ளுடி!” என்று ஓடிவந்தாள் அவனுடைய அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அடுத்த சீசாவைத் திறந்து கடகடவென்று அவன் கண்ணில் ஊற்றினாள். “இது குளுகுளுன்னு இருக்கும்டா ராஜா!”

“அண்ணி... ரெண்டுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷம் விடணும்னு டாக்டர்...”

“வாயை மூடு! அவன் துடிக்கிறான், நீ கடிகாரம் பார்க்கிறியா? கல்நெஞ்சுக்காரி! உன் கை பட்டுப் பட்டுத்தான் கண்ணு இன்னும் மோசமாகுது!”

அவள் வாயை மூடிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து பழகிய வேலைதானே!

அன்று கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “புண் ஆறவே இல்லையே! இப்படியே போனா பார்வை போயிடும். மருந்து ஒழுங்கா போடுறீங்களா?”

“இவ போடுறது எரியுதுங்க. நான் விடுவேனா? உடனே என் மருந்தை ஊத்திக் கழுவி விட்டுடுறேன்!” என்றாள் அக்கா, பெருமையாக.

“கழுவிடுறீங்களா? கிருமியைக் கொல்றதே அந்த மருந்துதாம்மா! அது கண்ணுல தங்கினாத்தானே வேலை செய்யும்? அஞ்சு நிமிஷம் விடச் சொன்னேனே, யார்கிட்ட சொன்னேன்?”

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. சொல்லிக்காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு வரவில்லை.

“என்கிட்டதான் டாக்டர்... நான்தான் அண்ணிகிட்ட சொல்ல மறந்துட்டேன்.”

திட்டு முழுவதையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அவள் எரிகிற மருந்தை விட்டாள். அவன் முனகினான். அக்கா கையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள், சீசாவைத் தொடவில்லை.

“காலையில நீ சொன்னியேடி... என் காதுல விழுந்துதே!” என்று உடைந்து அழுதாள். “நானே என் புள்ள கண்ணைக் கெடுக்கப் பார்த்தேனே... ஏண்டி என்னைக் காட்டிக் கொடுக்கலை?”

“சண்டை போட உடம்புல தெம்பில்லை அண்ணி... அவர் கண்ணு பொழைச்சா போதும்.”

அக்கா அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அடுத்த மருந்துக்கு நேரமாகிறதே என்று நினைத்தவள், நினைத்தபடியே தூங்கிப்போனாள்.

அக்கா அவள் தலைக்குத் தலையணை வைத்தாள். அலாரத்தை அணைத்தாள். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டாவது மருந்தை விட்டாள். மறுபடி மணியானபோது, எரிகிற சீசாவையும் அவளே எடுத்தாள்.

சொட்டு விழுந்ததும் அவன் வாயைத் திறந்தான்.

“உஷ்! கத்தாதடா... அவ தூங்குறா!”