வீடியோ காவல்

தனியாக வசிக்கிற மனிதர், கதவைத் திறக்குமுன் உள்ளே யாரிடமோ அனுமதி கேட்டார்.

"அம்மா, கதவு தட்றாங்க. திறக்கலாமா?"

வாசலில் நின்ற சைபர் கிரைம் பெண் எஸ்.ஐ.க்கு அந்தப் பணிவுதான் முதலில் உறுத்தியது. வெளியூரிலிருந்து அந்தப் பெரியவருடைய மகள் ஃபோனில் அழுதிருந்தாள்: இதய நோயாளியான அப்பாவை யாரோ போலீஸ் வேஷத்தில் மிரட்டி, வீடியோ கால் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள், சாப்பாடும் இல்லை, மாத்திரையும் இல்லை.

உள்ளே ஜன்னல்களெல்லாம் சாத்தியிருக்க, வியர்வையும் ஆறிப்போன காபியும் சூடேறிய லேப்டாப்பும் சேர்ந்து ஒரு புழுங்கல் வாடை. மின்விசிறிகூட ஓடவில்லை, சத்தம் கேட்டால் வீடியோவில் இருக்கிற அந்த 'அம்மா'வுக்குக் கோபம் வருமாம். பெரியவர் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளைக் கேமராவுக்குத் தெரியும்படி மேஜைமேல் வைத்துக்கொண்டார். பிரிக்காத மாத்திரை அட்டை பக்கத்திலேயே கிடந்தது.

எஸ்.ஐ.க்குப் பாவமாக இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"எழுந்திருங்கய்யா. நிஜ போலீஸ் நான்தான்." அடையாள அட்டையை நீட்டினாள்.

"அவங்களும் இதையேதான் காட்டினாங்க."

குனிந்து திரையைப் பார்த்தாள். ஸ்டேஷனில் அவளுடைய அறை. அவளுடைய மேஜை. நாற்காலியில் அவள்.

 காரணம் உடனே புரிந்தது. 'வீடியோவில் எந்தப் போலீசும் கைது செய்யாது' என்று அந்த மேஜையில் உட்கார்ந்து அவளே பேசி வெளியிட்ட விழிப்புணர்வு வீடியோ! முகம், குரல், அறை எல்லாவற்றையும் திருடர்களுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறாள். சொந்தக் காசில் சூனியம். அதை வைத்துப் போலி செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் திரையில் இருந்தவளின் கட்டைவிரலில் பிளாஸ்திரி. இன்று காலையில்தான் அவள் அந்த விரலை வெட்டிக்கொண்டாள்.

ஸ்டேஷனுக்கு அடித்தாள். ஏட்டு எடுத்தார்.

"என் ரூம்ல யாரு?"

"நீங்கதான் மேடம். இப்பதானே டீ கேட்டீங்க? கொண்டு வர்றேன்."

திரையில் கதவு திறந்தது. டீயோடு ஏட்டு. காதில் ஃபோன்.

"மேடம், உங்க குரல்லயே யாரோ பேசறாங்க..."

திரையில் இருந்தவள் ஃபோனை வாங்கினாள்.

"யார் பேசறது?"

அவள் காதுக்குள் அவள் குரல். பதில் சொல்ல வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. லேப்டாப்பிலிருந்து அதே குரல் கனிவாகத் தொடர்ந்தது.

"ஐயா, மாத்திரையைப் போட்டுக்கோங்க. அப்புறம் கதவைத் தாழ் போடுங்க. பின்னால நிக்கிறவளை விட்டுடாதீங்க. நான் வர்றேன்."

பெரியவர் மாத்திரையை விழுங்கினார். நிம்மதியாக மூச்சு விட்டார். எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார்.

திரையில் டீ ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நாற்காலி காலி.