அரசுத் தரப்பு மூன்றாம் சாட்சி

காலை ஏழரைக்கே அவளுடைய நாத்தனார் வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"தம்பியோட வெள்ளைச் சட்டை வேணும். இன்னிக்கு வாய்தா இருக்கில்ல."

அவள் இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்ததை எடுத்து வந்து நீட்டினாள். "உள்ள வாங்க அண்ணி... ஒரு வாய் காபி..."

"புருஷனுக்கு எதிரா கூண்டுல ஏறப் போறவ வீட்டுல எனக்கென்ன காபி? எட்டு மாசமா என் வீட்டுக் கூடத்துல பாயைப் போட்டுக் கிடக்கான். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டியா? சொல்லி அனுப்பினியா? கல்லுதான் நீ."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதில் நாத்தனார் காதில் விழுந்தால் அடுத்த பத்து நிமிடத்தில் கணவர் காதில் விழும். அப்புறம் எல்லாம் போயிற்று.

அவள் கணவர் ஒரு பெரிய கிடங்கின் காப்பாளர். ஒரு திங்கட்கிழமை திறந்து பார்த்தால் செம்புக் கம்பிச் சுருள்கள் இருபது காணோம். பூட்டு உடையவில்லை. சாவி இருந்தது அவரிடம் மட்டும். போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்தது. இவளையும் கூப்பிட்டுக் கேட்டது, சாவி வீட்டில் எங்கே இருக்கும் என்று.

இவள் என்ன செய்தாள்? பெருமையடித்தாள். "அவர் தூங்கும்போதுகூடத் தலையணைக்கு அடியிலதான் வெச்சுப்பார் சார். ஒரு நாளும் இன்னொருத்தர் கைக்குப் போனதில்ல" என்றாள். கணவர் எவ்வளவு பொறுப்பானவர் என்று எடுத்துச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்த அப்பாவி. ஏட்டு ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். வேறு யாரும் திறந்திருக்க முடியாது என்பதற்கு மனைவியே சாட்சி. பட்டியலில் மூன்றாவது பெயர் அவளுடையது.

ஜாமீன் கிடைத்த அன்று கணவருக்காக வாதாடும் வக்கீலம்மா அவளை ஓரமாக அழைத்துப் போய் எல்லாவற்றையும் விளக்கினாள்.

"தப்பு பண்ணலைன்னு நாம நிரூபிக்க வேண்டியதில்லம்மா. பண்ணினார்னு சந்தேகத்துக்கு இடமில்லாம அவங்கதான் நிரூபிக்கணும். ஆனா நீங்க சொன்னது அவங்களுக்கு ரொம்ப வசதியாப் போச்சு."

அப்போதுதான் அவளுக்குப் பகீரென்றது. குடலிறக்க ஆபரேஷனுக்காக அவர் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நடந்த ஒன்றை அவள் போலீஸில் மறைத்திருந்தாள். சொல்ல வாயெடுத்தாள். வக்கீலம்மா கையமர்த்தினாள்.

"எதுவும் சொல்லாதீங்க. நீங்க இப்ப அவங்க சாட்சி. என்கிட்டயும் பேசக் கூடாது, ஜாமீன் நிபந்தனைப்படி அவர்கிட்டயும் பேசக் கூடாது, ஆள் மூலமா சொல்லியும் விடக் கூடாது. சாட்சியைக் கலைச்சார்னு ஒரு பேச்சு வந்தாலும் ஜாமீன் ரத்தாயிடும். கூண்டுல கேட்டா, நடந்ததை மட்டும் சொல்லுங்க. அதுதான் கணக்கு. போலீஸ்ல சொன்னது இல்ல."

சொன்னதைத் திருத்த மறுநாளே ஸ்டேஷனுக்கு ஓடினாள். "எழுதினது எழுதினதுதான், கோர்ட்ல சொல்லிக்கோங்க" என்று ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் அக்கா வீட்டில், இவள் இங்கே தனியாக. நடுவில் இரண்டே தெரு. தினமும் பத்து மணிக்கு ஸ்டேஷனில் ஜாமீன் கையெழுத்துப் போட எதிர்ச் சாரியில் நடந்து போவார். இவள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்பாள். சட்டை தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்து எத்தனை கிலோ இளைத்திருப்பார் என்று மனசுக்குள் எடை போடுவாள். அவர் ஒரு நாளும் தலை நிமிர்ந்ததில்லை. திருடன் என்று நானும் நம்பிவிட்டதாக நினைத்துவிட்டாரோ... அந்த எண்ணம் வரும்போதெல்லாம் ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். எட்டு மாதமும் அப்படியே போயின.

கோர்ட்டில் அரசு வக்கீல் கேட்டது இரண்டே கேள்வி. சாவி அவரிடம்தான் இருக்குமா? இருக்கும். திருட்டு நடந்த வாரமும் அவரிடம்தான் இருந்ததா? இருந்தது. பின் வரிசையில் நாத்தனார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வக்கீலம்மா எழுந்தாள். "அதுக்கு மூணு மாசம் முன்னாடி உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்தாரே. அப்ப சாவி எங்க இருந்தது?"

என்ன பதில் வரும் என்று கேட்டவளுக்கும் தெரியாது. எதிரே நின்ற கணவருக்கும் தெரியாது. அவர் அவளையே பார்த்தார், எட்டு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக.

"என்கிட்டதான் இருந்தது. யார் கேட்டாலும் குடுக்காதேன்னு சொல்லிட்டுப் போனார்." கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டாம் நாள் சாயங்காலம் கிடங்கு மேனேஜர் வந்தார். அவசரமா லோடு ஏத்தணும், உங்க வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டாம், சங்கடப்படுவார்னு சொன்னார். நம்பிக் குடுத்துட்டேன். மறுநாள் காலையிலதான் திருப்பித் தந்தார். எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லவே இல்ல..."

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "போலீஸ்ல வேற மாதிரி சொன்னீங்களே. பொய் சாட்சி சொன்னா நீங்களே உள்ள போகணும், தெரியுமா?"

"தெரியும் சார். அன்னிக்கு அவர் பக்கத்து பெஞ்சுல இருந்தார். அவர் பேச்சை நான் மீறினது அவருக்குத் தெரியக் கூடாதுன்னு மறைச்சேன். பெருமையாவும் சொல்லணும்னு தோணுச்சு. இன்னிக்கு நடந்ததைச் சொல்றேன். தண்டனை உண்டுன்னா எனக்குக் குடுங்க."

நீதிபதி எழுதி முடித்தார். சாட்சி விசாரணை முடிந்துவிட்டதால் மனைவியோடு பேசக் கூடாது என்ற நிபந்தனையை நீக்க வேண்டும் என்று வக்கீலம்மா கேட்டாள். நீதிபதி சரியென்றார்.

வராந்தாவில் வக்கீலம்மா மெதுவாகச் சொன்னாள்: "தீர்ப்புக்கு இன்னும் நாள் இருக்கு. ஆனா அந்த ஒரு ராத்திரியில மாத்துச் சாவி செஞ்சிருக்கலாம்னு சந்தேகம் வந்தாச்சு. நமக்கு அதுதான் வேணும்."

பேசலாம் என்று ஆனபிறகும் கணவரும் மனைவியும் தள்ளியே நின்றார்கள். தூணுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். நாத்தனார்தான் வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"எட்டு மாசம் வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேனே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீங்க அவர்கிட்ட சொல்லியிருப்பீங்க அண்ணி."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தம்பியைப் பிடித்து இந்தப் பக்கம் தள்ளினாள்.

அவர் கண்கள் கலங்கியிருந்தன. "அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னிருப்பேன்?"

"கத்தியிருப்பீங்க."

"கத்தியிருப்பேன்தான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்பவும் கத்தணும் போலதான் இருக்கு. இங்க வேண்டாம்... வீட்டுக்கு வா, வந்து கத்தறேன்."

அவ்வளவு நேரம் கூண்டில் நின்றபோதுகூட அழாதவள் அந்த வராந்தாவில் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.